ஆறு பேருக்கும் ஒன்பது புள்ளி நாலு

நான் ஒரு சந்தேகப் பிராணி. மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை. பதினான்கு வருடமாக ஒரு கான்கிரீட் ஆலையில், வண்டிகளை அனுப்பும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கலவை ஏற்றிக்கொண்டு போகும் ஒவ்வொரு லாரிக்கும் சீட்டுப் போட்டு, எப்போது கிளம்பியது, எப்போது கொட்டியது, எப்போது திரும்பியது என்று எழுதுவது என் வேலை. ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டாவிட்டால் கலவை உருளைக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். அதனால் தாமதமாகத் திரும்புகிற ஒவ்வொரு டிரைவரும் ஒரு கதையோடு வருவான். டயர் பஞ்சர் என்பான். நான் கதையைக் காதில் வாங்கிக்கொண்டே எழுந்துபோய் டயரைப் பார்ப்பேன். கழற்றி மாட்டிய சக்கரத்தின் போல்ட்டில் பழைய சேறு அப்படியே ஒட்டியிருக்காது என்பது எனக்குத் தெரியும்.

இப்படிக் கண்கொத்திப் பாம்பாக இருக்கிற நான், சொந்தத் தம்பி விஷயத்தில் ஆறு வருடம் கோட்டை விட்டேன்.

தம்பிக்கு இப்போது முப்பத்தொரு வயது. எனக்கும் அவனுக்கும் பதினோரு வருட வித்தியாசம். நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் சொன்ன வேலையைத் தட்டாமல் செய்வான். யார் சொன்னாலும் செய்வான் என்பதுதான் அவனிடம் இருந்த கோளாறு. முடியாது என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எங்கள் ஆலையின் சோதனைக் கூடத்துக்கு உதவியாள் தேவைப்பட்டபோது நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அங்கே அவனுக்கு விழுந்த பெயர் சாம்பிள்.

ஒவ்வொரு லாரியிலிருந்தும் கொஞ்சம் கலவை எடுத்து, சதுரமான இரும்பு அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, கம்பியால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, உள்ளே இருக்கும் கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். இருபத்தெட்டாம் நாள் அதை எடுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதை வைத்து அந்த லாரிக் கலவையின் யோக்கியதை தெரியும். இது புத்தகத்தில் இருக்கிற முறை. எங்கள் ஆலையில் நடந்த முறை வேறு. காலையில் முதல் லாரிக் கலவை நல்ல பதமாக இருக்கும். அந்த ஒரு லாரியிலிருந்தே பன்னிரண்டு அச்சையும் நிரப்பிவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் வேறு வேறு லாரி எண்ணை எழுதிவிடுவார்கள். "எல்லாம் ஒரே சிமெண்டு, ஒரே மணலு, ஒரே தண்ணி. எதுல எடுத்தா என்ன" என்பார் மேற்பார்வையாளர். என் தம்பி நிரப்பிய கட்டி ஒன்றுகூடத் தோற்றதில்லை. சாம்பிள் போடு என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

இதைக் கண்டும் காணாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. என் வேலை சீட்டுப் போடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிரைவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை உடல்தகுதி அட்டை புதுப்பிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வருகிற நர்சம்மா, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்ப்பார். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறைத் தாண்டினால் அட்டையில் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார். புள்ளி விழுந்தவன் மாத்திரை சாப்பிட வேண்டும். அதோடு வருடா வருடம் வெளியே ஒரு லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சுகரும் கொலஸ்ட்ராலும் பார்த்தாக வேண்டும்.

"பிரஷர் தனியா வர்ற ஆள் இல்லைம்மா. கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வரும். வாசல்ல நிக்கிறாங்களான்னு நாமதான் எட்டிப் பாக்கணும்" என்பார் நர்சம்மா.

எங்கள் ஆலையில் சிவப்புப் புள்ளிக்காரர்கள் ஆறு பேர். ஆறு பேரும் முப்பத்தைந்துக்குள்தான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் வரிசையில் காத்துக் கிடக்கும்போது பொட்டலம் பொட்டலமாக உப்புப் போட்டு வறுத்ததைக் கொறிப்பார்கள். தாகத்துக்குப் பாட்டிலில் கலர் கலராகச் சர்க்கரைத் தண்ணீர். இவர்களில் தலைவன் மாதிரி ஒருவன் உண்டு. எப்போது தாமதமாக வந்தாலும் பிரேக்கில் கோளாறு என்பான். அதனால் அவனுக்குப் பிரேக் என்றே பெயர்.

இந்த ஆறு பேருக்கும் வருடா வருடம் ரத்த அறிக்கை சுத்தமாக வந்தது. லேபிலிருந்து உறைகள் என் மேசைக்குத்தான் வரும். பிரித்து, வரம்புக்குள் இருக்கிறது என்கிற கடைசி வரியைப் பார்த்துவிட்டு, அவரவர் கோப்பில் செருகி பீரோவில் வைத்துப் பூட்டுவேன். அரை லிட்டர் டீசல் குறைந்தால் ரகளை செய்கிற நான், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் இந்த ஆறு தடியன்களுக்கும் பச்சைக் குழந்தையின் ரத்தம் எப்படி வந்தது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

விஷயம் வெளிவந்தது வேறு வழியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், வாயைத் திறந்தால் கணக்காகத்தான் பேசுவாள். அன்றைக்கு வந்ததும் வராததுமாக, "அண்ணி, உங்க தம்பி போக்கு சரியில்லை" என்றாள்.

"என்ன பண்றான்?"

"காலையில சாப்பிடாம கிளம்புறார். இன்னையோட நாலு நாள் ஆச்சு. கேட்டா சீக்கிரம் போகணும்கிறார். போன வருஷமும் இதே மாதிரி ஒரு வாரம் போனார். அதுக்கு முந்தின வருஷமும்."

"வருஷத்துக்கு ஒரு வாரமா?"

"அதான் எனக்கும் புரியலை. வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் வர்றவ எவ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

"பேண்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு அண்ணி. உடம்பைக் குறைக்கிறார். யாருக்காகக் குறைக்கிறார்? ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்து வெளியில போறார். பாத்ரூமுக்குன்னு சொல்றார். போனை எடுத்துட்டுப் போறாரான்னு பாத்தேன். எடுத்துட்டுப் போகலை. அதுதான் இன்னும் சந்தேகமா இருக்கு."

விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை அவன் ஏறிய பேருந்தில் நானும் பின்பக்கமாக ஏறினேன். ஆலைக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கினான். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் கிளை இருந்தது. அதற்குள் போனான். எதிர்ப்பக்கம் செய்தித்தாள் கடையில் ஒரு பத்திரிகையைப் புரட்டுகிற மாதிரி நின்றேன். கால் மணி நேரத்தில் முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தான். நேராகப் பேக்கரிக்குப் போய் இரண்டு பன்னை முழுங்கி, ஒரு பாட்டில் ஜூஸைக் கீழே வைக்காமல் குடித்து, அடுத்த பாட்டில் கேட்டான்.

பிள்ளைக்கு ஏதோ வந்திருக்கிறது, நம்மிடம் மறைக்கிறான் என்று நினைத்தேன். அன்று முழுக்கச் சீட்டுகளில் எண்களை மாற்றி மாற்றி எழுதினேன்.

மறுநாளும் பின்தொடர்ந்தேன். இந்தத் தடவை வேறு பேருந்து, வேறு தெரு, அதே லேபின் இன்னொரு கிளை. மறுபடியும் முழங்கையில் பஞ்சு. என் பயம் கொஞ்சம் விலகி, பழைய மூக்கு வியர்க்க ஆரம்பித்தது. நோயாளி என்றால் ஒரு நாள் ரத்தம் எடுப்பார்கள். தினம் ஒரு கிளையில் எதற்கு எடுக்கிறார்கள்? ரத்தத்தை விற்கிறானா? அவனுடைய சாப்பாட்டுப் பையைத் துழாவினேன். வீட்டு அலமாரியைத் துழாவும்படி அவன் மனைவியிடம் சொன்னேன். அவன் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை.

"வேற பொம்பளை இல்லை" என்று மட்டும் தம்பி மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப என்ன அண்ணி?"

"தெரியலை" என்றேன். அவளுக்கு நிம்மதி. எனக்கு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை லேபிலிருந்து உறைகள் வந்தன. ஆறு சிவப்புப் புள்ளிக்காரர்களுடைய வருடாந்திர அறிக்கை. முதல் உறையைப் பிரித்தால் பிரேக்கின் தாள், கடைசி வரி தடித்த எழுத்தில், வரம்புக்கு மேல். சரிதான், கடைசியில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். இரண்டாவதும் வரம்புக்கு மேல். மூன்றாவதும். ஆறும். வெறும் வயிற்றுச் சுகர் இருநூறைத் தாண்டி, ஒருவனுக்கு இருநூற்றுப் பதினாலு, இன்னொருவனுக்கு இருநூற்று ஒன்பது என்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. கொலஸ்ட்ராலும் அப்படித்தான், எல்லாம் இருநூற்று எண்பதை ஒட்டி. ஆனால் சுகருக்கு மூன்று மாதச் சராசரி என்று ஒரு வரி இருக்கும். அது ஆறு பேருக்கும் ஒன்பது புள்ளி நாலு.

லேபுக்குப் போன் போட்டேன்.

"உங்க மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. தினமும் சரிபாத்துட்டுத்தான் ஓட்டுறோம்" என்றாள் அங்கிருந்த பெண். "ஆறும் வேற வேற கிளையில, வேற வேற நாள் வந்தது."

"ஆறு பேருக்கும் எப்படி ஒரே நம்பர் வரும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "அதை நீங்கதான் அவங்ககிட்ட கேக்கணும்" என்றாள்.

பீரோவைத் திறந்து ஆறு பேர் கோப்பையும் எடுத்து மேசையில் பரப்பினேன். ஆறு வருடம், ஆறு பேர், முப்பத்தாறு தாள். முதல் வருடம் ஆறு பேருக்கும் ஐந்து புள்ளி மூன்று. அடுத்த வருடம் ஐந்து புள்ளி நாலு. அப்புறம் ஐந்து புள்ளி ஆறு, ஐந்து புள்ளி ஒன்பது. போன வருடம் ஆறு புள்ளி இரண்டு. அட்டைக்கு வரம்பு ஆறரை. அதற்குக் கீழே இருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உள்பட. ஆறு பேரும் கைகோத்துக்கொண்டு ஒரே படியில் கால் வைத்து ஏறி வந்திருக்கிறார்கள். தாள்களில் தேதி இருந்தது. தம்பி சாப்பிடாமல் கிளம்பியதாக அவன் மனைவி சொன்ன வாரங்கள் அவை.

அப்போதுதான் எனக்கு முதல் லாரியும் பன்னிரண்டு அச்சும் ஞாபகம் வந்தது. அதே வேலையை இங்கேயும் செய்திருக்கிறார்கள். என் தம்பியின் ஆறு வருட உடம்பு மற்றவர்கள் பெயரில் என் பீரோவிலேயே இருந்திருக்கிறது. அவன் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது பிரேக் எடைமேடையில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். உள்ளே வரச் சொன்னேன்.

"சாரிக்கா, வர்ற வழியில பிரேக்கு..."

"பிரேக்கைப் பத்தி நான் கேக்கலை. ரத்தத்தைப் பத்திக் கேக்கறேன்."

மேசையைப் பார்த்தான். திருட்டு முழி முழித்தான். "லேப்ல ஏதோ குளறுபடின்னு நினைக்கிறேன்" என்றான்.

"யாருக்குக் காது குத்துறே? இது என் தம்பி ரத்தம்."

கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான். அப்புறம் சொல்லிவிட்டான். அவன் சொன்ன விதத்தில் தப்புச் செய்தவனின் பயமே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

"முத வருஷம் நான்தான் கேட்டேன். எனக்கு ஊசின்னா பயம்க்கா. சாம்பிள் சரின்னு போயிட்டு வந்தான். ரிப்போர்ட்டு அவ்வளவு நல்லா வந்துச்சு. அதே வாரம் பசங்க எல்லாரும் கேட்டாங்க. அவனும் இல்லைன்னு சொல்லலை. அச்சுல கியூப் கட்டி நிரப்புற மாதிரிதானேக்கா. நாங்களும் அவனும் ஒரே இடத்துல வேலை, ஒரே கேண்டீன்ல சாப்பாடு. யாருகிட்ட எடுத்தா என்னன்னு நினைச்சோம்." நிறுத்திவிட்டு என்னைச் சாய்வாகப் பார்த்தான். "இப்ப எங்க ஆறு பேரையும் ஒண்ணாக் கவுத்துட்டான். வேணும்னே இனிப்பைத் தின்னுட்டுப் போயிருப்பானோன்னு பசங்க பேசிக்கிறாங்க."

அவன் கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது. வெளியே போ என்று மட்டும் சொன்னேன்.

தம்பி தண்ணீர்த் தொட்டியருகே கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில், முக்கால்வாசி காலி. அறிக்கைகளை நீட்டினேன். கண்ணைச் சுருக்கி, தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தான். முப்பத்தொரு வயதில் எழுத்து மங்குகிறது என்பதைக்கூட நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லைக்கா. என் அட்டையைப் பாரு, நூத்தி இருபதுக்கு எண்பது. பிரஷரே இல்லாதவனுக்கு இதெல்லாம் எப்படி வரும்?"

டிரைவர் இல்லையென்றாலும் அவனுக்கும் அட்டை உண்டு. ஆறு வருடமும் நூற்று இருபதுக்கு எண்பதுதான். ஒரு புள்ளி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அது என் கண்ணில் உறுத்தியது. மறுநாள் அவனைக் கையைப் பிடித்து நர்சம்மா அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இவனுக்குக் கடைசியா எப்ப பட்டை கட்டிப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

நர்சம்மா பதிவேட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொல்ல விரும்பலைம்மா. பிரஷர்காரங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். இவனைப் பாத்தா உனக்கு எதுக்குப்பான்னு போன வருஷத்து நம்பரையே எழுதிடுவேன்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

அவர் பட்டையை எடுத்து அவன் கையில் சுற்றினார். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றுப் பத்து. மூன்றாவது தடவை எண்ணைச் சொல்லவில்லை. "இன்னைக்கே டாக்டரைப் பாரு தம்பி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் என் பீரோவை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

தம்பி வெளியே வந்ததும், "நீ பக்கத்துல நின்னு முறைச்சா யாருக்கும் ஏறத்தான் செய்யும்" என்றான்.

"டேய், டாக்டர்கிட்ட போவோம்டா."

"போனா எத்தனை நாளா, எங்க டெஸ்ட் எடுத்தேன்னு கேப்பாங்க. நான் வாயைத் திறந்தா ஆறு பேர் அட்டையும் போயிடும். ஆறு குடும்பம்க்கா."

"நீ திறக்கலைன்னா?"

அவன் சோதனைக் கூடத்துப் பக்கம் நடந்துவிட்டான். அன்று மாலை அவன் மனைவியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "பேசாம வேற பொம்பளையாவே இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள்.

அறிக்கைகள் வரம்பைத் தாண்டியிருந்ததால், ஆலை நிர்வாகம் ஆறு பேரையும் பத்து நாளில் மறுபடியும் ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னது. அந்தப் பத்து நாளும் தம்பி என் கண்ணில் படாமல் ஓடினான். டாக்டரிடம் போகவில்லை. டிரைவர்கள் என் அறைப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்தினார்கள். நான் யாரிடம் போட்டுக் கொடுப்பேனோ என்று அவர்களுக்குச் சந்தேகம். அவர்கள் அடுத்து என்ன தில்லுமுல்லு செய்யப்போகிறார்களோ என்று எனக்கு. பதினோராம் நாள் புது அறிக்கைகள் வந்தன. ஆறும் சுத்தம்.

செய்தி எனக்கு முன்பே சோதனைக் கூடத்துக்குப் போயிருந்தது. தம்பி கையில் சிமெண்டுக் குழம்போடு ஓடிவந்தான். பல நாளுக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு.

"பாத்தியாக்கா. அவங்க அவங்க ரத்தத்தைக் கொடுத்தாங்க, எல்லாம் நல்லா வந்திருக்கு. முதல்ல லேப்காரன்தான் சொதப்பியிருக்கான். எனக்கும் ஒண்ணும் இல்லை."

அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் ஆறு தாளையும் அவன் முன்னால் வைத்து, மூன்று மாதச் சராசரியை மட்டும் படிக்கச் சொன்னேன்.

"அஞ்சு புள்ளி ஒண்ணு" என்றான். அடுத்த தாளைத் திருப்பினான். "அஞ்சு புள்ளி ஒண்ணு. அஞ்சு புள்ளி ஒண்ணு." நாலாவது தாளில் குரல் இறங்கியது. ஐந்தாவதையும் ஆறாவதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"யாரு?" என்று கேட்டான்.

"பிரேக்கோட மச்சினனாம். பந்து விளையாடுறவன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான். தனக்கு நோய் இருக்கிறது என்பதைவிட, தன்னைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் அவனை முதலில் குத்தியது. ஆறு வருடம் பட்டினியாகப் போய்க் கை நீட்டியவன் அவன். நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிமெண்டுக் கையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "வாய் எப்பப் பாத்தாலும் வறண்டு போகுதுக்கா. பயமா இருக்கு" என்றான்.

அது எனக்குப் போதும். சாயங்காலம் கடைசி லாரி கழுவி முடிந்ததும் ஆறு பேரையும் என் அறைக்கு வரவழைத்தேன். தம்பி கதவோரம் நின்றான். நாற்பத்திரண்டு தாளையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். இன்னொரு தாளும் வைத்தேன். உடல்தகுதி அட்டையின் விதிமுறை. பல வருடமாக அறிவிப்புப் பலகையில் தொங்கினாலும் யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. சுகர் வந்தால் அட்டை போகாது. மூன்று மாதம் லாரியைத் தொடாமல் முற்றத்தில் வேலை, வைத்தியம், அதற்கப்புறம் மறுபரிசோதனை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆறு பேரும் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்கள். நான் எங்காவது அச்சடித்துக் கொண்டுவந்தேனோ என்கிற மாதிரி ஒருவன் முத்திரையைத் தடவிப் பார்த்தான்.

"எல்லாரும் அவங்கவங்க ரத்தத்தைக் கொடுக்கணும். இல்லைன்னா இந்தத் தாளெல்லாம் நாளைக்கு மேனேஜர் மேசையில இருக்கும்" என்றேன்.

"எங்களை மாட்டிவிட்டா உங்க தம்பியும்தான் மாட்டுவான்" என்றான் பிரேக்.

"மாட்டட்டும். உயிரோட மாட்டட்டும்."

நான் பிரேக்கைப் பார்த்தேன். "உனக்கு ஆறு வருஷமா நூத்தி ஐம்பதுக்கு மேல பிரஷர். உன் ரத்தத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? அது நல்லா இருக்குன்னு ஒரு தாள் காட்டு, நான் இப்பவே எல்லாத்தையும் கிழிச்சுப் போடறேன்."

அவன் மேசையைப் பார்த்தான். அவன் பெயர் போட்ட தாள்கள் ஏழு இருந்தன. ஒன்றைக்கூட அவனால் தொட முடியவில்லை.

அவர்களில் சின்னவனுக்கு இருபத்தெட்டு வயது. வாயே திறக்காதவன். அவன் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். காலுறையை இழுத்ததும் அறையில் ஒரு வாடை வந்தது. கட்டைவிரல் ஓரத்தில் கறுத்துப் போன ஒரு புண்.

"கம்பி குத்துனது. ரெண்டு மாசமா ஆறலைக்கா" என்றான். "வலிக்கவும் இல்லை."

பிரேக் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எப்ப போகணும்?" என்று கேட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லேபின் தலைமைக் கிளையில் கூடினோம். ஏழு பேரும் வெறும் வயிறு. நான் யாரையும் நம்பவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஏழு அடையாள அட்டையையும் கையில் வைத்து, முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன். பிரேக்கின் மச்சினன் அந்தத் தெருப் பக்கம் எங்காவது நிற்கிறானா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தேன். தம்பி மனைவியும் வந்திருந்தாள். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மடியில் ஒரு சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

தம்பிதான் முதல் ஆள். அவனுக்குப் பின்னால் பிரேக், அவனுக்குப் பின்னால் புண் காலை நொண்டிக்கொண்டு சின்னவன், அப்புறம் மற்றவர்கள்.

"பேர் சொல்லுங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துக்கொண்டே, தடுமாறாமல் பிரேக்கின் பெயரைச் சொன்னான். கேட்காமலே பிரேக்கின் பிறந்த தேதியையும் சேர்த்துச் சொன்னான்.

"டேய், அது நான்" என்றான் பின்னால் நின்ற பிரேக்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்க யாரு?" என்று தம்பியைக் கேட்டாள்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுடைய அடையாள அட்டை என் கையில்தான் இருந்தது. எழுந்துபோய்க் கொடுத்திருக்கலாம், இருந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். நான் அசையவில்லை. அவன் கவுண்டர் பக்கம் திரும்பி, தன் பெயரைச் சொன்னான். அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். அவன் இன்னொரு தடவை சொன்னான்.